எந்த அட்டாக்சியா? சிறுமூளை நோய் ஆய்வுகளைத் தோட்டப்புறக் குடும்பம் வாசிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு ஒருவர் கால்களை அகல வைத்து, ஐந்தடி நடைபாதைத் தூண்களைப் பிடித்துப் பிடித்துத் தள்ளாடி வந்தால், அவருக்கு நோய் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "விடிஞ்சதும் ஏத்திக்கிட்டான்" என்று கோப்பிக் கடையில் பேச்சு எழும். கள்ளும் சம்சுவும் லயங்களில் எத்தனையோ குடும்பங்களை அழித்ததைக் கண்ட ஊர் என்பதால் அந்த முடிவு எளிதில் வாய்க்கு வந்துவிடுகிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த என் அண்ணன் மதுவைத் தொட்டதில்லை. நாற்பத்தொரு வயதில் நடை தளர்ந்து, பேச்சு குழறத் தொடங்கிய பிறகு மூன்று ஆண்டுகள் அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். சிறுமூளை சுருங்கியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படம் காட்டிய அன்று அம்மா அழவில்லை. "குடிகாரன் இல்லேன்னு இப்பவாவது எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார்.

சிறுமூளை இப்படிக் கெடும்போது வரும் தள்ளாட்டத்தை மருத்துவர்கள் அட்டாக்சியா என்கிறார்கள். படம் வந்த பிறகு வேறொரு தொல்லை தொடங்கியது. அமெரிக்காவில் அட்டாக்சியாவுக்கு மருந்து வந்துவிட்டது, எலிகளுக்கு நோய் குணமாகிவிட்டது, குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சைக்கு இத்தனை ஆயிரம் வெள்ளி கட்டினால் போதும் என்று உறவினர்கள் அக்கறையோடு அனுப்பிய செய்திகள் கைப்பேசியில் குவிந்தன. இவற்றில் எதை ஒதுக்குவது, எதைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோவது என்று பிரித்தறியக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. நான் மருத்துவன் அல்லன்; தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பவன். ஆகவே இங்கே எழுதுவது ஆய்வுகளை வாசிக்கும் முறை மட்டுமே. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு.

முதலில் வகையைக் கேளுங்கள்

அட்டாக்சியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்கின்மை என்று பொருள். காய்ச்சல் என்பது எப்படி டிங்கியாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறும் சளியாகவும் இருக்கலாமோ, அப்படியே அட்டாக்சியா என்பதும் ஓர் அறிகுறியின் பெயர்தான். நம் மூளையிலுள்ள ஏறத்தாழ 86 பில்லியன் நரம்பணுக்களில் 69 பில்லியன் அளவு பின்மண்டைக்குள் அடங்கியிருக்கும் சிறுமூளையில் இருக்கின்றன. கை கால்களின் அசைவை வேகம், அளவு, நேரம் பார்த்துச் சீராக்குவது அதன் வேலை. அந்த வேலையைக் கெடுக்கும் காரணங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. ஒரு காரணத்துக்குக் கண்ட மருந்து இன்னொன்றுக்கு உதவும் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை. எனவே எந்த ஆய்வுச் செய்தியைக் கண்டாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த அட்டாக்சியாவைப் பற்றியது என்பதாகும். அதற்கு முன்பாக, நம் வீட்டில் இருப்பது எந்த அட்டாக்சியா என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பதில் பயன் குறைவு. நான் முதல் ஓராண்டை அப்படித்தான் வீணடித்தேன்.

வகையைத் தேடும்போது, திருத்தக்கூடிய காரணங்களை முதலில் தேடச் சொல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவு, வைட்டமின் ஈ குறைவு, தயமின் குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, வலிப்பு நோய்க்காக உண்ணும் ஃபெனிட்டோயின் மருந்தின் அளவு இரத்தத்தில் மிகுதல், நீண்ட கால மது, கோதுமையிலுள்ள குளூட்டனுக்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்ப்பு, வில்சன் நோயில் சேரும் செம்பு ஆகிய இவையெல்லாம் தள்ளாட்டத்தைத் தரக்கூடியவை. காலத்தில் கண்டுபிடித்தால் இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பரம்பரை வகைகளிலும் சில அப்படிப்பட்டவை. வைட்டமின் ஈ-யைக் கல்லீரல் கையாளும் முறையில் பிறவிக் குறையுள்ளவர்களுக்கு அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுப்பதே சிகிச்சை. அரசு சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கக்கூடிய இரத்தச் சோதனைகள் இவற்றில் பல. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தள்ளாட்டம் சில நிமிடங்களில் வந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும், உடனே 999ஐ அழையுங்கள், சில வாரங்களில் வேகமாக முற்றினால் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இந்தக் கட்டுரை ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் வகைகளுக்கு உரியது.

பரம்பரை வகைகள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் வருகின்றன. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு நோய் இருந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்போடு இறங்குவது ஓங்கு மரபு, எஸ்.சி.ஏ. (தண்டுவடச் சிறுமூளை அட்டாக்சியா என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எண்ணிட்டு அழைக்கப்படும் வகைகள் இதில் அடங்கும். பெற்றோர் இருவரும் நோயின்றி, ஆளுக்கொரு பழுதுபட்ட மரபணுவைச் சுமந்து, அவ்விரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்வது ஒடுங்கு மரபு. 1863இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நிக்கோலஸ் ஃபிரீட்ரைக் விவரித்த, அவர் பெயராலேயே வழங்கும் அட்டாக்சியா இந்த இரண்டாம் பாதையில் வருவது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இந்தப் பாதையை மறந்துவிடக் கூடாது.

மரபணு எழுத்துகளின் பழுதைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது நான் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டை, எடுத்துக்காட்டுவேன். கிராணி (தோட்ட எழுத்தர்) ஒரே வரியை முப்பது முறை எழுத வேண்டிய இடத்தில் ஐம்பது முறை எழுதிவிட்டால் கணக்குப் புத்தகமே கெட்டுப்போகும் அல்லவா? பல எஸ்.சி.ஏ. வகைகளில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொடர் அப்படித்தான் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அளவு வகைக்கு வகை மாறும். எஸ்.சி.ஏ.6 வகையில் அந்த எண் 20ஐத் தொட்டாலே நோய் வரும், எஸ்.சி.ஏ.3 வகையில் 40 இருந்தாலும் அது இயல்பு. "பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒருவருக்கு எண் இத்தனையாம், நமக்கு அதைவிடக் குறைவாம்" என்று ஒப்பிட்டு நிம்மதியடைவதோ அஞ்சுவதோ பொருளற்றது.

இந்த எழுத்துத் தொடர்களைப் பற்றித் தோட்டப்புறக் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. வழக்கமான எக்சோம் சோதனை, அதாவது ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே வீச்சில் வாசிக்கும் சோதனை, எழுத்து மாற்றங்களை நன்றாகக் காட்டும். திரும்பத் திரும்ப வரும் தொடரின் நீளத்தை நம்பத்தக்க முறையில் அளக்காது. அதற்கென்று தனியான பி.சி.ஆர். முறைச் சோதனை கேட்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் எங்கள் கையில் "மரபணுச் சோதனை இயல்பு" என்ற தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். எது சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்று கேட்கத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் அந்தத் தாளைக் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தோம். "இயல்பு" என்ற சொல்லைப் பார்த்தால், தேடப்பட்ட மரபணுக்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பழைய முடிவுக்கும் இது பொருந்தும். தொடர் இருமலோடும் கால் மரத்துப்போதலோடும் வரக்கூடிய ஆர்.எஃப்.சி.1 மரபணுப் பழுது 2019இல்தான் தெரியவந்தது. ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் தொடங்கும் எஸ்.சி.ஏ.27பி என்ற வகை 2023 தொடக்கத்தில்தான் ஆய்விதழ்களில் விவரிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளுக்கு முன் சோதித்தவர்களுக்கு இவை தேடப்பட்டிருக்க முடியாது.

எந்த வகையை முதலில் தேடுவது என்பதில் பூர்வீகமும் ஒரு தடயமாகும். சீனாவில் எஸ்.சி.ஏ.3 மிகப் பரவலாகக் காணப்படுகிறது, ஃபிரீட்ரைக் அட்டாக்சியா கிழக்காசிய மக்களிடம் இல்லை என்றே சொல்லலாம், இந்தியர்களிடம் உண்டு, எஸ்.சி.ஏ.12 வட இந்தியாவில் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ச் சமூகத்தினரிடையே எஸ்.சி.ஏ.1 மிக அதிகமாக இருப்பதை 2005இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு பதிவு செய்தது. மலேசியாவில் மூன்று இனத்தவரும் ஒரே காத்திருப்பு அறையில் அமர்ந்திருக்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரரின் அனுபவம் ஆறுதல் தரலாம், ஆனால் அவருடைய வகை நம்முடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நம் முன்னோர் எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறினார்கள் என்பது கூட மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தியே.

வம்சாவளியை நீங்களே வரையுங்கள்

ஆய்வகம் எதனாலும் செய்ய முடியாத, உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஆய்வு இது. அதனால் இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு பெரிய தாளில் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் இட்டு, நோயுற்றவரைக் கறுப்பாக்கி, குறைந்தது மூன்று தலைமுறைகளை வரையுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, இறந்த வயது, தள்ளாட்டம் தொடங்கிய வயது, சொந்தத்தில் மணந்தவரா என்ற குறிப்பு ஆகியவை வேண்டும். சொந்தத் திருமணத்தை இரட்டைக் கோட்டால் இணைப்பது வழக்கம்.

மூத்தவர்களிடம் "நம்ம குடும்பத்துல நரம்பு நோய் யாருக்காவது இருந்ததா பாட்டி?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அந்தக் காலத்தில் அதற்குப் பெயரில்லை. கேள்வியை வாழ்க்கையோடு சேர்த்துக் கேட்க வேண்டும். தாத்தா எந்த வயதில் ரப்பர் மரத்துப் பால்வெட்டை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார்? வாய்க்கால் மேல் போட்ட பலகையைத் தாண்ட யாராவது பயந்தார்களா? விடியற்காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனபோது அடிக்கடி விழுந்தவர் யார்? சாப்பிடும்போது புரையேறியவர், கடைசிக் காலத்தில் பேச்சு புரியாமல் போனவர், சம்பளப் பதிவேட்டில் கையெழுத்து சிதறிப்போய்ப் பெருவிரல் ரேகை வைக்கத் தொடங்கியவர் உண்டா? எங்கள் அத்தை இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் தகப்பனாரைத் தோட்டம் முழுவதும் "ஆட்டக்காரர்" என்று அழைத்ததாகவும், அது கூத்தில் ஆடியதால் வந்த பெயர் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்ததாகவும் அன்றைக்குத்தான் சொன்னார்.

நம் குடும்ப மரங்களில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் மறக்காதீர்கள். ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. இருபத்தெட்டு வயதில் அங்கே இறந்த ஒருவருக்கு நாற்பதில் தொடங்கும் நோய் இருந்ததா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருடைய பேரனிடம் நோய் திடீரென்று முளைத்ததுபோல் தோன்றும். "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்று மருத்துவரிடம் சொல்வதற்குப் பதிலாக, "பாட்டனார் இளம் வயதிலேயே இறந்துவிட்டார், அவர் நிலை தெரியாது" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு பதில்களும் மருத்துவரை வெவ்வேறு சோதனைகளுக்கு இட்டுச் செல்லும்.

மரம் வரைந்து முடிந்ததும் தொடக்க வயதுகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். தாத்தாவுக்கு ஐம்பத்தைந்து, தந்தைக்கு நாற்பத்தெட்டு, மகனுக்கு நாற்பது என்று வயது இறங்கி வந்தால், தொடர் ஒவ்வொரு தலைமுறையிலும் நீள்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எஸ்.சி.ஏ.1, எஸ்.சி.ஏ.7 போன்றவற்றில் தந்தை வழியாக இறங்கும்போது இந்த நீட்சி கூடுதலாகக் காணப்படுகிறது. இதைக் கண்டதும் பிள்ளைகளைச் சோதிக்க ஓடாதீர்கள். அறிகுறியில்லாத சிறுவர்களுக்கு, தடுக்க வழியில்லாத, முதிர்ந்த வயதில் வரும் நோய்க்கான மரபணுச் சோதனை செய்ய வேண்டாம் என்பதே உலக அளவில் மரபியலாளர்கள் பின்பற்றும் நெறி. வயதுவந்தபின் மரபியல் ஆலோசகரிடம் பேசி, அறிந்துகொள்வதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் பேசப்படும் பேச்சாக இது ஆகிவிடக் கூடாது என்பதற்காக, வரைந்த தாளைக் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் படமெடுத்து அனுப்பாமலும் இருங்கள்.

ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் வரிசை

வகை தெரிந்த பிறகு, பப்மெட் என்ற இலவசத் தேடுதளத்தில் அந்த வகையின் ஆங்கிலப் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடலாம். முழுக் கட்டுரையைப் பணமின்றி வாசிக்கக் கிடைப்பவற்றை மட்டும் வடிகட்டும் வசதியும் அதில் உண்டு. கிடைத்த கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசித்தால் சோர்வுதான் மிஞ்சும். நான் பின்பற்றும் வரிசை இது: ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மனிதர்களா, எலிகளா, ஆய்வகக் கண்ணாடித் தட்டிலுள்ள செல்களா, மனிதர்கள் என்றால் எந்த வகை, எத்தனை பேர், ஒப்பிடுவதற்கு மருந்தில்லாத வில்லை கொடுக்கப்பட்ட இன்னொரு குழு இருந்ததா, எதை வைத்து அளந்தார்கள், எவ்வளவு காலம். முடிவுரையைக் கடைசியில் வாசியுங்கள். ஆய்வாளர்களும் மனிதர்கள்தாம், முடிவுரையில் நம்பிக்கை சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டாக்சியா ஆய்வுகளில் அடிக்கடி தென்படும் சாரா என்ற அளவுகோல் 2006இல் வெளியானது. நடை, நிற்றல், அமர்தல், பேச்சு, விரலைத் துரத்தல், மூக்குக்கும் விரலுக்கும் இடையே கை போய்வருதல், கையை வேகமாகப் புரட்டல், குதிகாலை மறுகாலின் முழங்காலுக்குக் கீழுள்ள முன் எலும்பின் மேல் இழுத்தல் என எட்டுச் சோதனைகள்; இயல்பானவருக்கு 0, மிகக் கடுமையான நிலைக்கு 40. 2015இல் வெளியான ஐரோப்பியத் தொடர் ஆய்வில், இந்த மதிப்பெண் எஸ்.சி.ஏ.1 வகையில் ஆண்டுக்குச் சராசரியாக 2.11, எஸ்.சி.ஏ.3 வகையில் 1.56, எஸ்.சி.ஏ.2 வகையில் 1.49, எஸ்.சி.ஏ.6 வகையில் 0.80 என்று கூடியது தெரிந்தது. இந்த நான்கு எண்களைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். நோய் ஆண்டுக்கு ஒன்றரை மதிப்பெண்தான் நகர்கிறது என்றால், எட்டு வாரத்தில் முன்னேற்றம் கண்டதாகச் சொல்லும் இருபது பேர் ஆய்வு எதைக் கண்டிருக்க முடியும்? ஒருவர் நன்றாகத் தூங்கி எழுந்த நாளுக்கும் தூங்காத நாளுக்கும் இடையிலேயே அவ்வளவு வேறுபாடு வந்துவிடுமே.

ரிலுசோல் என்ற மருந்தின் கதையை நான் பாடமாகவே வைத்திருக்கிறேன். 2015இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 60 பேருக்கு ஓராண்டு நடத்திய சோதனையில், அந்த மருந்தை உண்டவர்களில் பாதிப் பேருக்குச் சாரா மதிப்பெண் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 11 விழுக்காட்டினருக்கே குறைந்தது. கேட்டால் யாருக்கும் மனம் துள்ளும். ஆனால் அந்த அறுபது பேரில் பல வகை எஸ்.சி.ஏ. நோயாளிகளும் ஃபிரீட்ரைக் நோயாளிகளும் கலந்திருந்தார்கள். பின்பு பிரான்சில் எஸ்.சி.ஏ.2 உள்ள 45 பேரை மட்டும் தேர்ந்து ஓராண்டு சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக் குழுவும் ஒப்பீட்டுக் குழுவும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டாவது ஆய்வு வரும்வரை வீட்டுப் பணத்தை எடுக்காதீர்கள் என்றே நான் பொருள்கொள்கிறேன்.

அமெரிக்காவில் மருந்து வந்துவிட்டது என்ற செய்தி உண்மையானது. ஒமாவெலாக்சொலோன் என்ற அந்த மருந்துக்கு 2023 பிப்ரவரி 28 அன்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒப்புதல் அளித்தது. ஃபிரீட்ரைக் அட்டாக்சியாவுக்கு, அதுவும் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அளிக்கப்பட்ட ஒப்புதல் அது. ஆதாரமாக அமைந்த சோதனையில் 103 பேர் சேர்க்கப்பட்டார்கள். 48 வாரங்களுக்குப் பிறகு, 93 மதிப்பெண் கொண்ட வேறோர் அளவுகோலில் இரு குழுக்களுக்கும் இடையே 2.40 மதிப்பெண் வேறுபாடு தெரிந்தது. நோயின் ஓட்டத்தைச் சற்று மெதுவாக்கும் மருந்து என்று இதைச் சொல்லலாம். எழுந்து நடக்க வைக்கும் மருந்து என்று சொல்ல முடியாது. கல்லீரல் நொதிகள் உயர்வதைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. ஃபிரட்டாக்சின் என்ற புரதம் குறைவதால் செல்களில் ஏற்படும் பாதிப்பை எதிர்கொள்வதற்காக இது கொடுக்கப்படுகிறது, எஸ்.சி.ஏ. வகைகளில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் செய்தியை என் அண்ணனுக்கு அனுப்பியவர்கள் ஏழு பேர். ஒருவர்கூட வகையைக் குறிப்பிடவில்லை.

எலிகளைப் பற்றிய செய்திக்கும் ஒரு சான்று தருகிறேன். எஸ்.சி.ஏ.1 மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. 2004இல், அந்த மரபணுவின் செயலை ஆர்.என்.ஏ. முறையால் அடக்கியபோது எலிகளின் நடை சீரானதாக ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப்பின் இருபது ஆண்டுகள் கடந்தும் எஸ்.சி.ஏ.1 நோயாளிகளுக்கு அந்த வழியில் ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. வழி தவறு என்பதால் இவ்வாறு ஆகவில்லை. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு ஏறக்குறைய இதே குடும்பத்தைச் சேர்ந்த நுசினெர்சென் 2016இல் ஒப்புதல் பெற்றது. எலியின் சிறுமூளையிலிருந்து மனிதச் சிறுமூளைக்கு மருந்தைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பது அவ்வளவு நீண்ட பயணம் என்பதே காரணம். எலி ஆய்வை மகிழ்ச்சியோடு வாசியுங்கள்; அதற்காக நாட்காட்டியில் எதையும் குறித்துவைக்காதீர்கள்.

தோட்டத்தில் மருந்தடித்தவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது பாராகுவாட் பற்றி. அந்தக் களைக்கொல்லியைக் கையாண்ட அமெரிக்க விவசாயப் பணியாளர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு: அது பார்க்கின்சன் பற்றிய ஆய்வு, பரம்பரை அட்டாக்சியா பற்றியதன்று, மேலும் அது தொடர்பைக் காட்டுகிறது, ஒரு தனி மனிதரின் நோய்க்கு அதுவே காரணம் என்று நிறுவவில்லை. எத்தனை ஆண்டுகள், எந்தக் கவசத்தோடு மருந்தடித்தார் என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதுவது நல்லது. பார்க்கின்சன் சாயலும் தள்ளாட்டமும் கலந்துவரும் பன்மண்டலச் சிதைவு போன்ற நோய்களைப் பிரித்தறியும்போது மருத்துவர் முழு வாழ்க்கை வரலாற்றையும் பார்க்க விரும்புவார்.

சோதனைகளில் சேர்வதற்கு முன்

நடப்பிலுள்ள மருந்துச் சோதனைகளைக் கிளினிக்கல்டிரையல்ஸ் என்ற அமெரிக்கப் பதிவேட்டிலும், மலேசியாவின் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் தேடலாம். அமெரிக்கப் பதிவேட்டில் ஒவ்வோர் ஆய்வுக்கும் என்.சி.டி. என்று தொடங்கும் எட்டிலக்க எண் இருக்கும். எண் இருப்பதாலேயே ஆய்வு தரமானது என்று ஆகிவிடாது. பதிவேட்டில் இடம்பெறுவது அரசாங்கத்தின் பரிந்துரையன்று, நோயாளியிடம் கட்டணம் வாங்கும் ஆய்வுகளும் அதில் ஏறியிருக்கின்றன. எனவே நான் முதலில் பார்ப்பது பணத்தை. ஒழுங்காக நடத்தப்படும் மருந்துச் சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. பிறகு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். மூன்றாவதாக, சோதனையில் பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். குருத்தணு ஊசி போட்டால் ஆறே மாதத்தில் நடக்கலாம் என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து பேசினார். எந்த எஸ்.சி.ஏ. வகைக்கு என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும்தான் சார்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மருந்துக்காகக் காத்திருக்கும்போது

ஆய்வுச் சான்று ஏற்கெனவே உள்ள ஒன்றை மருந்தன்று என்பதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. 2009இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 16 நோயாளிகளுக்கு நான்கு வாரங்கள் தீவிர உடலொத்திசைவுப் பயிற்சி அளித்து நடையில் முன்னேற்றம் கண்டார்கள். ஜப்பானில் 42 பேருக்கு நான்கு வாரங்கள் அளித்த மறுவாழ்வுப் பயிற்சியின் சில பலன்கள் 24 வாரங்கள்வரை நீடித்ததாக 2012இல் வெளியானது. பயிற்சியை நிறுத்தினால் பலனும் கரையும் என்பதும் அவ்வாய்வுகளிலேயே தெரிகிறது. சிறிய ஆய்வுகள்தாம், ஆனாலும் செலவு குறைந்தவை, தீங்கும் குறைந்தவை. இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் இரண்டு பக்கமும் பிடிமானமுள்ள இடத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்கத் தினமும் செய்யலாம். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் இரண்டு கம்பிகளைப் பொருத்தினோம். விழுங்குவதில் சிரமம் தொடங்கிவிட்டால் பேச்சுப் பயிற்சியாளரிடம் உடனே காட்டுங்கள்; புரையேறி நுரையீரலில் தங்கும் உணவு இந்நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்துகளில் ஒன்று.

மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே செருப்போடு பத்தடி நடப்பதையும் ஒரு பத்தி வாசிப்பதையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். பன்னிரண்டு மாதக் காணொளிகளை அடுத்தடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு, "முன்னைவிட மோசம் டாக்டர்" என்ற நம் வாய்மொழியைவிட அதிகம் தெரியும். வேலையை விடும் முன்பே சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவன) அலுவலகத்தில் இயலாமை ஓய்வூதியம் பற்றிக் கேட்டுவிடுங்கள், ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டைக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்கலாம்.

நிபுணர் மருத்துவரைச் சந்திக்கப் போகும் நாளுக்கென்று ஒரே ஒரு தாள் தயாரித்துக்கொள்ளுங்கள். மேலே நோயாளியின் வயதும் தொடக்க வயதும். அதன் கீழ் வம்சாவளியின் சுருக்கப் படம். பிறகு இதுவரை செய்த சோதனைகளும் தேதிகளும். கடைசியில் மூன்று கேள்விகள், அதற்கு மேல் வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் மருத்துவர் அதை அப்படியே கோப்பில் சேர்த்துக்கொள்வார். எங்கள் தாளின் மூன்றாவது கேள்வி, "முன்பு செய்த மரபணுச் சோதனையில் சி.ஏ.ஜி. தொடரின் நீளம் அளக்கப்பட்டதா?" என்பது. மருத்துவர் பழைய அறிக்கையைப் புரட்டினார், வம்சாவளிப் படத்தில் அத்தையின் தகப்பனார் இருந்த கறுப்புச் சதுரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், தாதியை அழைத்து இன்னொரு குருதி மாதிரி எடுக்கச் சொன்னார். பதினொரு வாரங்கள் கழித்து வந்த தாளில் எஸ்.சி.ஏ.1 என்று இருந்தது.